ஐந்து மணிக்கு வந்த ஜோடி

"ஏங்க... அது கொடையா, இல்ல செம்பரம்பாக்கம் ஏரியா?"

துர்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் உதறிய குடையிலிருந்து தெறித்த தண்ணீர் மொத்தமும், அந்தச் சின்ன அறையில் முன்பே உட்கார்ந்திருந்த ஒருவன்மேல் விழுந்திருந்தது. சட்டை, முகம், மடியிலிருந்த நீல ஃபைல்... எதுவும் தப்பவில்லை.

"பார்த்து உட்கார்ந்திருக்கணும்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று அவளுக்கே உறைத்தது.

"நான் இன்னாத்த பாக்கறது? செவுத்தோரமா தேமேனு குந்திகினு கீறேன்..."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு, மேற்குத் தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய இந்தச் சந்தில், ஸ்வீட் கடைக்கு மேலே இருக்கும் இதே அறைக்கு வந்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, யூனிஸ் மேடத்தைத் தன் வக்கீலாக அமர்த்தியிருந்தாள். மேடம் அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். கணவன் கார்த்தியும் சம்மதித்துச் சேர்ந்து மனுப் போட்டால், ஆறு மாதக் காத்திருப்பில் விவாகரத்து முடிந்துவிடும். அவன் முரண்டு பிடித்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். கார்த்தி போனில் சம்மதித்திருந்தான். இன்று ஐந்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு கையெழுத்தில்தான் அவள் விடுதலை இருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. துப்பட்டா நுனியால் அந்த நீல ஃபைலை ஒற்றி எடுத்தாள். கோபமாகத்தான் ஒற்றினாள்.

"வுடுங்க, நானே தொடச்சிக்கறேன்..."

அவள் நிமிர்ந்தாள். அவனும் நிமிர்ந்தான்.

குரோம்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது துர்காவின் வேலை. ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களைப் பார்க்கிறாள். அவையெல்லாம் அவளுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் எழுத்துகளையே பார்க்கும். இந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. வெயிலில் சுருங்கிப் பழகிய, ஓரத்தில் சிரிப்பை ஒளித்து வைத்திருந்த கண்கள்... அவள்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் குமாஸ்தா சின்னப்பன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து மனுப் போட வருகிற தம்பதிகளுக்கு ஒரு டீயை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பார். ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரே ஒரு நல்லது சொன்னால்தான் மேடம் அறைக்கு அனுப்புவார். இருபது வருஷத்தில் மூன்று ஜோடி அதனாலேயே மனசு மாறி வீடு திரும்பியிருக்கிறது என்பது அவர் பெருமை. அன்று வெளியூர் போயிருந்த ஜூனியர் வக்கீல், கிளம்பும் முன்பே அவருக்குச் சீட்டில் குறித்து வைத்திருந்தார்: ஐந்து மணி, துர்கா, கார்த்தி. மணி ஐந்து. ஒரு பெண், ஒரு ஆண், நடுவில் வாக்குவாதம். சின்னப்பனுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

"டீய புடிங்க ரெண்டு பேரும்" என்றார். "தம்பி, இந்தம்மா கிட்ட உனக்குப் புடிச்ச நல்லது ஒண்ணே ஒண்ணு சொல்லு. சண்டையெல்லாம் அப்புறம்."

"சார், நீங்க தப்பா..." என்று ஆரம்பித்தாள் துர்கா.

"நீ அப்புறம்மா. மொதல்ல அவன் சொல்லட்டும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. டம்ளரைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். பெரியவர் கேட்டுவிட்டாரே என்று மரியாதையாக யோசிக்கவும் செய்தான்.

"நல்லதுனா... கோவத்துலயும் என் ஃபைல தொடச்சாங்க சார். தொப்பலா நனைஞ்சி வந்தவங்க, தன் மூஞ்சிய தொடச்சிக்கல. என் தங்கச்சி பேப்பர தொடச்சாங்க. அது நல்ல மனசுதானே?"

துர்கா டம்ளரை ஜன்னலோரம் வைத்தாள். நாலு வருஷக் கல்யாணம்... சாம்பாரில் உப்பு கம்மி, புடவைக் கலர் சரியில்லை, உன் சம்பளம் ஒரு சம்பளமா... இவ்வளவுதான் கார்த்தி அவளிடம் பேசியது. அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க, முன்பின் தெரியாத ஒருவன்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்ததே என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ, அழாதீங்க... நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?"

"பாத்தியா, கண்ணு கலங்குது! கார்த்தி தம்பி, கையோட வூட்டுக்குக் கூட்டிக்கினு போ!"

"யாரு கார்த்தி? நான் லோகு சார்! பெரும்பாக்கத்துல மீன் கடை வெச்சிருக்கேன். ரேஷன் கார்டுல பேரு மாத்தணும்னு என் தங்கச்சி நிஷாவோட டைவர்ஸ் தீர்ப்பு நகல் வாங்க மொத தபா இங்க வந்தேன்!"

சின்னப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். துர்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. அப்போதுதான் போன் அடித்தது. கார்த்தி.

"மழையா இருக்கு, வரல" என்றான். "அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? நீ எப்படி வெளிய போறேன்னு பார்க்கறேன்."

அவள் முகம் வெளுத்ததை லோகு பார்த்தான். தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

யூனிஸ் மேடம் அறைக்குள் பத்தே நிமிடம். "சரி, அவர் வரலைன்னா நாம கேஸ் போடுவோம். பயப்படாதே" என்றார். "ஆனா ஒண்ணு துர்கா. இனிமே நீ ஒரு ஆம்பளையோட நின்னு பேசினாக்கூட அதை ஃபோட்டோ எடுத்துக் கோர்ட்ல காட்டுவாங்க. ஜாக்கிரதை."

படியிறங்கினால், கீழே ஸ்வீட் கடை ஓரமாக மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான் லோகு.

"என்னங்க, ஒண்ணும் பேஜார் இல்லியே? என் தங்கச்சிக்கும் இப்படித்தான் இழுத்தடிச்சாங்க. நியாயம் உங்க பக்கம்தாங்க..."

"எனக்கு வக்காலத்து வாங்க மேல ஒரு வக்கீல் இருக்காங்க. நீங்க எதுக்கு நடுவுல?"

வெடுக்கென்று சொல்லிவிட்டு மழையிலேயே நடந்தாள். ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டாள். பாவம், அவன் என்ன செய்தான்?

பத்து நாள் கழித்து, துர்கா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்தார். திரையை விலக்கினால்... லோகு! தலைக்கு எண்ணெய் தடவி வாரியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

"என்ன பிரச்சினை?" என்றாள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"சரியா தெரிய மாட்டேங்குதுங்க."

"கடைசி வரியைப் படிங்க."

கடைசி வரியைக் கடகடவென்று படித்தான். அதற்கும் கீழே, அச்சிட்ட கம்பெனியின் பெயரையும் படித்தான்.

"உங்களுக்குக் கழுகுக் கண்ணு. என்ன தெரியலன்னு வந்தீங்க?"

"அன்னிக்கு நான் பேசினதுல உங்களுக்குக் கோவமானு... அதான் தெரியல. சின்னப்பன் சார்கிட்ட கடைய விசாரிச்சிக்கினு வந்தேன்."

துர்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடக்கிய சிரிப்பு நெஞ்சுக்குள் போய் இனித்தது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. நாலு வருஷம் ஒருவனிடம் மாட்டிக்கொண்டவள்... இன்னும் வெளியே வரவேயில்லை. அதற்குள்ளா?

"கோவமில்ல, லோகு. ஆனா நீங்க இங்க வந்தா என் கேஸ் கெட்டுப்போயிடும்" என்றாள் மெதுவாக. "முடியற வரைக்கும் வராதீங்க. பாவப்பட்டுக்கூட வராதீங்க."

அவன் சட்டென்று எழுந்தான். "பாவம்னுலாம் வரலீங்க" என்றான். திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அடுத்த ஆளை உட்கார வைக்க அவளுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

சொன்ன வார்த்தையை அவன் அப்படியே காப்பாற்றினான். ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. மூன்று மாதம் கழித்துக் கார்த்தியே இறங்கி வந்தான். அவனுக்கு வேறு இடத்தில் பெண் பேசத் தொடங்கியிருந்தார்கள், அதுதான் காரணம். சேர்ந்து மனுப் போட்டார்கள். பிறகு ஆறு மாதம். ஒவ்வொரு முறை கடைத் திரை அசையும்போதும் துர்கா நிமிர்ந்து பார்த்தாள். வராதே என்றவளும் அவள்தான், வரவில்லையே என்று ஏங்கியவளும் அவள்தான்... இந்த மனசை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

செங்கல்பட்டுக் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. ஒரு வாரம் போனது. அவன் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. மறந்துவிட்டானோ? கல்யாணமே ஆகிவிட்டதோ? 'நான் ஏன் போகணும்?' என்று ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெரும்பாக்கம் பஸ் ஏறினாள்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மீன் கடை. சுற்றிலும் கூட்டம். லோகு வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன், கத்தியை அப்படியே பலகையில் வைத்தான்.

"இன்னா மீனுங்க வேணும்?" என்றான்.

"கேஸ் முடிஞ்சிடுச்சு."

"தெரியும். சின்னப்பன் சார் அன்னிக்கே போன் பண்ணாரு."

"தெரியுமா?" அவளுக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சுமா வரல?"

"கெளம்பினேங்க. ரெண்டு தபா பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டேன்." அவன் குனிந்துகொண்டான். "இவ்ளோ நாள் போராடி, இப்பதான் வெளிய வந்துகீறீங்க. கதவைத் தொறந்ததும் வாசல்ல நான் வந்து நின்னா... கொஞ்ச நேரம் காத்து வாங்கக்கூட வுட மாட்டானா இவன்னு தோணாதா? உங்களுக்கா வரணும்னு தோணணும். தோணலைனாலும் சரிதான்னு இருந்தேன்."

துர்கா அவன் குனிந்த முகத்தையே பார்த்தாள். அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்தவனைத்தான் அவளுக்குத் தெரியும். அவள் வரவேண்டுமென்று தவித்துக்கொண்டே, வழியை மறிக்காமல் விலகி நின்றவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

"எனக்கு இன்னும் பயமா இருக்கு, லோகு" என்றாள். "கல்யாணம்னு யாராவது சொன்னாலே எழுந்து போயிடறேன். அதுக்கு நாளாகும். ஆனா இன்னிக்கு யாரும் சொல்லி வரல. நானா பஸ் ஏறி வந்தேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கூட்டம் மீனை மறந்து அவர்களையே பார்த்தது. "அப்போ என் வஞ்சிரம்?" என்று கேட்ட ஒரு பெண்ணை, பக்கத்திலிருந்தவள் கிள்ளி அடக்கினாள்.

லோகுவின் கண்கள் தளும்பின. "எனக்கும்ங்க... அந்த டீ டம்ளர் கையில இருந்தப்பவே" என்றான். "எவ்ளோ நாளானாலும் சரி, நீங்க சொல்ற அன்னிக்கு வெச்சிக்கலாம். சொல்லவே இல்லைனாலும் இப்படியே பேசிக்கினு இருக்கலாம்." சொல்லிக்கொண்டே அவள் பக்கம் நீட்டிய கையை, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். "ஐயோ, கையெல்லாம் செதிலு... நாத்தம் அடிக்கும். ஒரு நிமிஷம், கழுவிட்டு வந்துடறேன்."

"கழுவ வேணாம்" என்று சொல்லி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள் துர்கா.