உப்பில் ஒன்பது காலடி

உப்புக் குவியலின் மேல் அக்பர் அலி மல்லாந்து கிடந்தார்.

நெஞ்சில் தோல் சீவும் கத்தி!

உப்புப் போட்ட தோல் மாதக்கணக்கில் கெடாது. மண்டி முதலாளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

திண்டுக்கல் தோல் மண்டி அது. பின்சுவர் ஏறி உள்ளே குதித்த எவனோ, உப்புத் தரையில் ஒன்பது அடி நடந்து வந்து குத்தியிருக்கிறான்.

வெறுங்காலோடு!

உப்பு செருப்பைத் தின்றுவிடும். அதனால் மண்டி ஆட்கள் வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். கொலைகாரனும் கழற்றிவிட்டே வந்திருந்தான்.

என்ன ஒரு ஒழுக்கம்!

மறுநாள் காலை. டாக்டர் குர்ஷித் பேகத்தின் எலும்பு ஆஸ்பத்திரி.

கட்டிலில் ஒச்சப்பன். கன்னிவாடிப் பக்கம் தென்னை ஏறுகிறவன். இடது குதிகால் நொறுங்கி, பாதம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"ஏலே, எந்திரி!" இன்ஸ்பெக்டர் மணிமாறன் அதட்டினார்.

"மரத்துல இருந்து விழுந்தேன் சார்!"

"கொலை நடந்த அன்னைக்கேவா? தென்னமரம் வந்து சாட்சி சொல்லுமா?"

"இவன்தான் சார்!" பின்னால் நின்ற தோல் புரோக்கர் அன்புமணி கை நீட்டினான். "ரோட்டுல நின்னு பாத்தேன். சுவத்துல இருந்து குதிச்சான். நான் ஒரு வாரமா மண்டிக்குள்ள காலே வைக்கல!"

ஒச்சப்பனின் மனைவி ஒச்சம்மாள் அலறினாள்.

"அய்யோ டாக்டரம்மா! இவரு காலு போச்சுன்னா மரத்துல நானா ஏறுவேன்?"

டாக்டர் குறுக்கே வந்து நின்றார்.

"நகத்தக் கூடாது. வீக்கம் வடிஞ்சு தோல் சுருங்க பத்து நாளாகும். அப்புறம்தான் ஆபரேஷனுக்குக் கத்தி வைப்பேன்."

"பத்து நாளா?" மணிமாறன் பொறுமையிழந்தார். "எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் இன்னைக்கே வெட்டிருவாரு மேடம். இளவட்டம்! செம சுறுசுறுப்பு!"

"எத்தனை குதிகால் பண்ணிருக்காரு?"

"இதான் மொதல்..."

"நான் முந்நூறு பண்ணிட்டேன். மொத இருபது பேரு நடையை ரோட்டுல பாத்தா இன்னைக்கும் சந்துக்குள்ள ஒளிஞ்சுக்குவேன்!"

மணிமாறன் எரிச்சலோடு ஒரு போட்டோவை நீட்டினார்.

"உப்புல பதிஞ்ச இடது கால். குதிகால் எம்புட்டு அகலம், எப்படி வெளிய சாஞ்சிருக்கு பாருங்க! ஒடஞ்ச காலுதான?"

டாக்டர் கண்ணாடியை மாட்டினார். பார்த்தார்.

முகம் வெளுத்தது!

"ஒடஞ்சதுதான். ஆனா பழசு... புதுசா ஒடஞ்ச குதிகாலை ஊனி ஒரு அடி வைக்க முடியாது. இவன் ஒம்பது அடி நல்லா ஊனி நடந்திருக்கான். கத்துக்குட்டி எவரோ அவசரப்பட்டு வெட்டி, கோணலாக் கூடுன குதிகால் இது."

அவர் பார்வை தரையில் ஊர்ந்தது... அன்புமணியின் இடது செருப்பில் நின்றது.

வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து காகிதமாகியிருந்தது!

"அண்ணே, அந்தச் செருப்பைச் செத்த கழட்டுங்க."

"எ... எதுக்கு?"

"கழட்டுய்யா!" மணிமாறன் உறுமினார்.

அகலக் குதிகால். கணுக்காலுக்கு வெளியே கொக்கி போல ஒரு பழைய தழும்பு.

அன்புமணி வாசலுக்குப் பாய்ந்தான்!

படியில் இடது கால் சாய்ந்தது.

தொப்!

"ஊர் முன்னாடி அந்த அக்பர் அலி என்னை நொண்டின்னு கூப்பிட்டான் சார்... தினமும்!" விலங்கு மாட்டிய கையால் முகத்தை மூடி அழுதான்.

அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டு மணிமாறன் திரும்பி வந்தார்.

"எப்படி மேடம் அம்புட்டு சீக்கிரமாக் கண்டுபிடிச்சீங்க?"

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"மூஞ்சி மறந்துரும் சார். கைவேலை மறக்குமா? இருபத்திரண்டு வருஷம் முந்தி, வீங்குன காலை மறுநாளே வெட்டுன கத்துக்குட்டி... நான்தான். ஆபரேஷன் சீட்டுல பெரிய டாக்டர் பேரு, மாஸ்க்குக்குள்ள நான். அந்த அன்புமணிதான் என் மொத குதிகால்."



கட்டிலிலிருந்து ஒச்சப்பன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"டாக்டரம்மா, பத்து நாளென்ன, இருபது நாளே கெடக்கேன். எனக்கு மட்டும் நேராத் தச்சு விட்டுருங்க. பின்னால எவன் வீட்டுச் சுவராவது ஏறிக் குதிச்சா, காலடிய வச்சு ஒங்களாலயே கண்டுபிடிக்க முடியக் கூடாது!"