ஜமால்தீனின் துவக்கில் ஓர் அம்பு

"மூணு மணிக்குக் கூட்டம், மிஸ். பாடசாலை மண்டபத்துல இருந்து வாப்பாட பேரை எடுக்கப் போறாங்க" என்றார் றிப்கா.

அருங்காட்சியகத்தில் ஆயுதப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற சிவநந்தினி, விவரத்தை முறையாகக் கேட்டுக்கொண்டார். 1967இல் மாத்தளையில் நடந்த சுடும் போட்டியில் றிப்காவின் தந்தை ஜமால்தீன் முதலாவதாக வந்தார். பரிசாகக் கிடைத்த பழைய துவக்கைச் சுட முடியாதபடி செய்து, தாம் படித்த பாடசாலைக்கே கொடுத்தார். அது மண்டபச் சுவரில் எழுதியிருக்கும் அவர் பெயருக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. இப்போது பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஹுஸ்னி அதில் பிரித்தானிய ராணுவம் தன் சொத்துக்கு அடிக்கும் அம்பு முத்திரையைக் காட்டி, திருட்டுச் சொத்து என்கிறார்.

"துவக்கு எங்கயாச்சும் வெளிய போச்சா?"

"துவக்கோட மரக்கட்டை வெடிச்சிருக்கு, திருத்தணும்னு போன மாசம் ஹுஸ்னி கொண்டுபோனார். மத்தபடி வருஷா வருஷம் பரிசளிப்புக்கு முந்தின நாள்தான் பெட்டியத் திறப்பாங்க. பித்தளைப் பொலிஷ் போட்டுத் தேய்ப்பாங்க."

"இரும்புக்குமா?" என்றார் சிவநந்தினிக்கு வழக்கமாக ஓட்டோ ஓட்டும் பஸ்லி. துப்புத் துலக்குவதென்றால் வாடகையைக்கூட மறந்துவிடுவார்.

"எல்லாத்துக்கும் அதேதான்."

மூன்று மணிக்கு மண்டபத்தில், அதிபர் சோமசுந்தரத்தின் முன்னிலையில், பஸ்லி உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தார்.

"முத்திரைக் குழிகளுக்குள்ள என்ன இருக்கு?"

"வெள்ளையா மாவு மாதிரி, மிஸ். பொலிஷ் காஞ்சு இறுகிப் போயிருக்கு. அம்புல மட்டும் ஒண்ணுமில்ல, பளிச்சுன்னு இருக்கு."

"கட்டை வேலையில துடைச்சிருப்பாங்க" என்றார் ஹுஸ்னி.

"அம்ப மட்டும் தேடிப் பிடிச்சுத் துடைச்சாங்களோ?" என்றார் பஸ்லி.

சிவநந்தினி குரலை உயர்த்தவில்லை. "ராணுவம் எடுத்த துவக்குன்னா, பூட்டு, குழல், குறிமுனைன்னு பாகத்துக்குப் பாகம் பரிசோதகர் சின்னக் கிரீடமும் தன் நம்பரும் அடிப்பார். இதுல ஒண்ணுகூட இல்ல. குழல்ல இருக்கிறது தனியார் விற்பனைக்கான சோதனை முத்திரை. கூடுதல் வெடிமருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்கினா அடிக்கிறது. இது ராணுவ மாதிரியில செஞ்சு, கடையில வித்த துவக்கு. அம்பு புதுசு. அடிச்சவருக்கு மற்ற முத்திரைகளப் பற்றித் தெரியாது. கடைசிப் பொலிஷுக்குப் பிறகு இதக் கொண்டுபோனவர் ஒருத்தர்தான்."

எல்லோரும் ஹுஸ்னியைப் பார்த்தார்கள். அவர் சுவரில் இருந்த ஜமால்தீனின் பெயரைக் காட்டினார்.

"என் வாப்பா ரெண்டு புள்ளியில தோத்தவர். இந்த மண்டபத்துல அவர் பேரே இல்ல."

றிப்கா எழுந்தார். "மாத்தளையிலேயே ரெண்டாவதா வந்தவர். வாப்பா பேருக்குக் கீழ அவர் பேரையும் எழுதுங்க, சேர். ஹுஸ்னி ஒரு தடவ கேட்டிருந்தா நானே எழுதச் சொல்லியிருப்பேன்."