திரும்பாத எண்

"யம்மா! கண்ண மூடு... வெல்டிங் ஓடிகினு கீது!"

2005 ஐப்பசி மழை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரப் பட்டறைக்குள் ஓடி வந்த எழில்மொழி சட்டென்று கண்களை மூடிக்கொண்டாள். திறந்தபோது, குரல் கொடுத்தவன் முகமூடியைத் தூக்கிவிட்டிருந்தான். புகை படிந்த முகத்தில் சிரிக்கிற இரண்டு கண்கள்.

அவள் அணைத்திருந்த டப்பாவைப் பார்த்தான் வெல்டர் தீனா. "நீ நனைஞ்சாலும் அத்த நனைய வுடல... இன்னாது அது?"

"கார்பன் நானோ குழாய். முடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசு. கோடிக்கணக்குல சேர்த்து இப்படிக் கறுப்பு ஏடா பண்ணியிருக்கேன். இரும்புல ஒட்டினா, இரும்பு துளி நீண்டாலும் மீட்டர்ல எண் மாறும்."

"இரும்புக்கு நாடி பாக்குற டாக்டரா நீ?"

"ஆராய்ச்சி மாணவி. ஒட்டிப் பாக்கத்தான் இடம் கிடைக்கல."

"மேல கீற இரும்பு உத்தரம், எங்க கர்டரு, அதுல ஒட்டிக்கோ. தெனம் ஒரு டன்னு தூக்குது."

அப்புறம் சனிக்கிழமைதோறும் வந்தாள். எண்களைக் குறித்ததைவிட அவனைப் பார்த்ததுதான் அதிகம். "இன்னா எழிலு, கர்டருக்கு ஜுரமா?" என்பான். சிரிப்பாள். அவளும் பக்கத்துக் கொருக்குப்பேட்டைக்காரிதான், வீட்டில் அவன் பேசுகிற தமிழ்தான்; கல்லூரியில் சேர்ந்தபின் அதை மறைத்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் அவளுடைய பேராசிரியரும் வந்தார். "எங்க எழிலு கெட்டிக்காரி சார்," என்றான் தீனா. அவர் புருவம் உயர்ந்தது.

"இவர் இங்க வெல்டர் சார்... வேற ஒண்ணுமில்ல," என்றாள் அவசரமாக.

தீனா முகமூடியை இறக்கிக்கொண்டான்.

அவர் போன பிறகு மீட்டரைப் பார்த்தாள். பாரத்தை இறக்கியும் எண் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கர்டர் பலம் இழந்துகொண்டிருந்தது! சொல்லத் திரும்பினாள். அவன் முதுகைக் காட்டி நின்றான். அடுத்த வாரம் சொல்லலாம்... கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் வெட்கம் தடுத்தது. போகவில்லை.

அதற்கடுத்த செவ்வாயன்று கர்டர் வளைந்து விழுந்தது. தீனாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே நின்றாள். "எனக்குத் தெரியும் தீனா. எண் ஏறிப்போய் கெடந்துச்சு. உன் மூஞ்சிய பாக்க வெக்கப்பட்டுகினு சொல்லாம வுட்டுட்டேன்..." மறைத்து வைத்த வீட்டுத் தமிழ் தானாக வந்தது. "உன்ன எனக்குப் புடிச்சிருக்கு. அன்னிக்கு எங்க சார் எதிர்லயே சொல்லியிருக்கணும்."

"எனக்கும்தான் புடிச்சிருந்துச்சு," என்றான் சுவரைப் பார்த்தபடி. "இப்ப கைய பாத்தா நீதான் ஞாபகத்துக்கு வர்ற எழிலு. நான் இன்னா பண்ண?"

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். அவன் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தான்.

ஒன்பதாம் நாள், கண்ணைத் திறக்காமலே கேட்டான்... "சாப்ட்டியா?"