பருக்கை

விண்மீனை முதுமையாக்கும் மூப்பூட்டியின் முன்னால் உட்கார முடியாமல் பொற்கலை மறுபடியும் எழுந்தாள்.

"அழைப்பை இன்னும் கொஞ்ச நாள் நீட்டலாம் சார். அந்தக் கோள்ல பச்சை தெரியுது."

"பாசியா இருக்கும்மா," என்றார் நிலையத் தலைவர் இருதயராஜ். "உக்காரு. நீ நடக்கிறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

மூப்பூட்டி வந்தபிறகு விண்மீன் கொத்துகளின் சேர்மானத்தை அறிவது சமையற்கட்டு வேலையாகிவிட்டது. ஒரு கொத்து, சேர்ந்திருந்தாலும் சிதறிப்போயிருந்தாலும், ஒரே மேகத்தில் பிறந்தது. அதில் ஒன்றைப் பிடித்து, பல கோடி ஆண்டு மூப்பைச் சில நாளில் ஏற்றினால் செம்பெருமீனாக உப்பும். அடிவயிற்றில் வெந்ததெல்லாம் மேலே கிளம்பி வரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் முழுக்கொத்திலும் இரும்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பானைச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பது போலத்தான். அப்படி எடுக்கும் விண்மீனுக்குப் பெயரே பருக்கை.

சுற்றியிருக்கும் கோள்கள் கருகிப்போகும். அதற்கென்ன, மனிதர்கள் மகா நேர்மையானவர்கள் அல்லவா! அதற்கு முன் ஒரு மாதம் விடாமல், யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் அங்கே ஆளில்லை என்று அர்த்தம்.

"நம்ம அழைப்பு அவங்களுக்குப் புரியணுமே சார்?"

"புரிய வேண்டாம்மா. சீரா, விட்டு விட்டுத் துடிக்கிற ஓசை. மூளை இருக்கிற எவனாவது அதை இரைச்சல்னு நினைப்பானா?"

அவர் அழைப்பை நிறுத்தினார். பொற்கலை கை நீட்டித் தடுப்பதற்குள் மூப்பூட்டியின் விசையையும் அழுத்திவிட்டார். தூரத்து மஞ்சள் புள்ளி சிவக்கத் தொடங்கியது.

யாரிடமாவது பேசியாக வேண்டும். தூத்துக்குடியில் இருக்கும் தங்கை செல்வராணியை உடன்பேசியில் கூப்பிட்டாள். எத்தனை ஒளியாண்டு தொலைவானாலும் அதில் உடனுக்குடன் பேசலாம்.

"அக்கா! ஒரு மாசமா உன்னைப் பிடிக்கவே முடியல," என்று கத்தினாள் செல்வராணி. "எந்தப் பேசியை எடுத்தாலும் ஒரே இரைச்சல். விட்டு விட்டு, ஒரே சீரா, டொக்கு டொக்குனு. சனியன், உலகமே காதைப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சுது."

இவர்கள் அழைப்பு பூமிப் பக்கமே போகவில்லை; இது வேறு யாருடையதோ. "அதுக்கு... அதுக்கு யாராவது பதில் அனுப்புனாங்களாடி?"

"இரைச்சலுக்குப் போயி யாருக்கா பதில் சொல்லுவா? வடிகட்டி போட்டு அமுக்கத்தான் பாத்தாங்க." செல்வராணி சிரித்தாள். "நல்லவேளை, இன்னிக்குக் காலையில தானா நின்னுபோச்சு. இப்பதான் நிம்மதியா இருக்கு."