மூன்றாவது வரிசையில் ஒரு மச்சம்

"இந்த டிஸ்க்கைத் திருப்பி எடுத்துக்கோங்க. இதுல எங்கப்பாவைக் காணோம்."

குடையிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்து டிஸ்க் கடைக்காரர் விழித்தார்.

அது ஒரு பழைய கோர்ட் படம். புதுப்பித்து, இப்போதுதான் டிஸ்க்காக வந்திருந்தது. தீர்ப்பு வாசிக்கும் காட்சியில் மூன்றாவது வரிசையில் அவள் அப்பா இருப்பார். ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போன இளம் தபால்காரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்களாம். டிவியில் போடும்போதெல்லாம் அந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷமாக அப்பா சொல்லி வந்த கதைக்கு நேற்றுதான் சாட்சி கிடைத்திருக்க வேண்டும். வீடே கூடிப் பார்த்தது. ஒல்லியாக ஒரு பையன் இருந்தான்... கன்னத்தில் அப்பாவுக்கு இருக்கும் மச்சம் மட்டும் இல்லை.

"இது வேற ஆளு மாமா," என்று அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கடையில் பக்கத்தில் நின்ற ஒருவன் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே, அப்பாவுக்கு இருக்கும் அதே இடத்தில், வலது கண்ணுக்குக் கீழே, கடுகளவு மச்சம்.

"என்ன பார்க்கறீங்க?"

"தூசின்னு நினைச்சுட்டேன்..."

"என் மூஞ்சியிலயா?"

"இல்லங்க, இந்தப் படத்துல, மூணாவது வரிசையில ஒருத்தர் கன்னத்துல. டிஸ்க் எப்படி விக்குதுன்னு பார்க்கத்தான் வந்தேன். பிலிம்ல இருக்கிற தூசி, கீறல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல துடைக்கிறதுதான் என் வேலை. அவர் ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தாரா... கேமராவுல ஒட்டின தூசின்னு அழிச்சுட்டேன். பன்னிரண்டு செகண்ட், இருநூத்தி எண்பத்தெட்டு பிரேம்."

"ஆடக்கூடாதுன்னு டைரக்டர் மிரட்டினாராம். சரி, வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நேர்ல சொல்லுங்க."

கடைக்காரர் முன்னால் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வேலையில இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல. நான் எங்கயும் வர மாட்டேன்."

"அப்ப கண்ணையாவது காட்டிட்டுப் போங்க." தான் கண் பரிசோதிக்கும் கண்ணாடிக் கடையின் அட்டையை நீட்டிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

கோபத்திலும் இந்தக் கண்களுக்கு இவ்வளவு அழகா... அவன் அட்டையைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டான்.

பத்தாம் நாள், அவள் கடைக் கதவு திறந்தது. கையில் ஒரு டிஸ்க்குடன் அவன்.

"சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் இருந்தது. ஒவ்வொரு பிரேமா மச்சத்தைத் திரும்ப வச்சுட்டேன். தப்பு என்மேலன்னு ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். இனிமே அச்சாகிற எல்லா டிஸ்க்லயும் அப்பா இருப்பார்."

கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், விறைப்பாக, மச்சத்தோடு அப்பா. அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவசரமாக அவனை நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டினாள்.

"கடைசி வரியைப் படிங்க."

"தெரியல."

"மேல் வரி?"

"அதுவும் தெரியல... பக்கத்துல நிக்கறவங்க மச்சம் மட்டும் நல்லாத் தெரியுது."

அவள் விரலிலிருந்து லென்ஸ் நழுவப் பார்த்தது.

"பத்து நாளா அவர் முகத்துல வேலை செஞ்சேன். நினைப்பெல்லாம் உங்க முகத்துலயே இருந்தது," என்றான், இப்போது விளையாட்டில்லாமல். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் குனிந்து, அவன் மூக்கிலிருந்த கண்ணாடியை மெல்லக் கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுல இருப்பாங்க," என்றாள். "ரெண்டையும் அப்பாகிட்ட நேர்ல வந்து சொல்லுங்க."