குளிர் அறை மணி

கிடங்கின் காலியான குளிர் அறைக்குள்ளிருந்து யாரோ மணியை அழுத்துவதாகக் கணினி காலையிலிருந்து சாதித்துக்கொண்டிருந்தது.

பழைய யுனிக்ஸ் கணினி. வெளிக் கருவிகளை இணைக்கும் அதன் சீரியல் போர்ட்டிலிருந்து ஒரு சிக்னல் எழுந்தால் குளிர் அறைக் கதவு பூட்டிக்கொள்ளும், விழுந்தால் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்தினால் இன்னொரு சிக்னல் திரும்பி வரும். போர்ட்டுக்கும் கதவுக்கும் நடுவே, கணினியைப் பராமரிக்கும் அவள் இணைத்திருந்த சோதனைப் பெட்டியில் இரண்டுக்கும் ஒவ்வொரு விளக்கு. மணி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. மேஜைக்கடியில் விசிறி இரைய, சூடேறிய தூசியின் வாடைக்கு நடுவே எங்கிருந்தோ உறைபனியின் வாடையும் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வயர் எங்கயாவது உரசும்க்கா. இல்லன்னா உன் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு," என்றான் தம்பி. அதே கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக். அவளோடு பேச போனைக் காதில் வைத்தபடி, ஸ்வெட்டர்கூடப் போடாமல் குளிர் அறைக்குக் கிளம்பினான். சொன்னால் கேட்கிற பிள்ளையா அவன்!

அவன் உள்ளே போனதும், மணியின் நிலையைப் பார்க்க அவள் ஒரு புரோகிராமில் போர்ட்டைத் திறந்தாள். சும்மா திறந்தாலே பூட்டுச் சிக்னல் எழும் என்று அவளுக்குத் தெரியாதா? புத்தி எங்கே போயிற்றோ. தாழ் விழும் சத்தம் போனிலேயே கேட்டது.

"அக்கா, பூட்டிட்டியே!"

"ஒரு நிமிஷம்டா."

புரோகிராமை மூடினாள். பூட்டு விளக்கு அணையவில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ புரோகிராம் போர்ட்டைப் பிடித்திருக்க வேண்டும். எது என்று கணினியைக் கேட்டாள்.

எதுவும் இல்லை.

"மணியிலேருந்து கைய எடுடா."

"நான் தொடவே இல்லக்கா." அவன் பற்கள் தந்தியடித்தன. "பட்டன் தானா அமுங்கியிருக்கு. குளிருதுக்கா. சீக்கிரம்."

கணினியிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளைப் பிடுங்கினாள்.

தாழ் விலகும் சத்தம் போனில் கேட்டது. கதவு முனகித் திறந்தது. மூடியது.

"அப்பாடா. வந்துட்டியா?"



"நான் உள்ளதான் இருக்கேன்க்கா." அழுதுவிடுவான் போலிருந்தது. "திரும்பப் பூட்டிக்கிச்சு. நீ யாரை வெளிய விட்டே?"

கேபிள் அவள் கையில்தான் இருந்தது. பூட்டு விளக்கு எரிந்தது.

மணி விளக்கு அணைந்திருந்தது.

நடைபாதையில் ஈரக் காலடிகள். நிதானமாக. தம்பியிடம் போக அந்த நடைபாதை ஒன்றுதான் வழி. எழுந்திரு. ஓடு. கால் அசையவில்லை.

போனில் அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டல் தளர்ந்தது. அவள் அறைக் கதவின் கண்ணாடியில், வெளிப்பக்கம், உறைபனி ஐந்து விரல்களாகப் படர்ந்தது.