இரண்டு விநாடிப் பச்சை

அண்ணி காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, அங்கே இல்லாத ஒரு குமிழைப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கூடத்து நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, இமை கொட்டாமல், மூன்று நாளாக இதே வேலை. ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிறாள் என்றான் அண்ணன். அடுப்பை அணைக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள் பார்க்க வந்த அத்தை.

அது என்னவென்று அண்ணனின் தம்பியான அவனுக்கு மட்டும் தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பின் குமிழ். லேபில் அவன் நாள் முழுக்கத் திருகுவது. அந்தக் கால் சுற்றுப் பின்வாங்கல்கூட அவனுடைய சொந்தப் பழக்கம். வேறு யாரிடமும் கிடையாது. அண்ணியோ அந்த லேப் வாசலைக்கூட மிதித்ததில்லை.

லேபில் அவனுக்குக் கழுகு என்று பெயர். கண் அவ்வளவு கூர்மையாம். அவன் பார்த்து எழுதியதை இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவருக்கு முத்திரை என்று பெயர். கழுகே பார்த்த பிறகு நாம் எதற்குப் பார்ப்பது என்று, ஸ்லைடு இருக்கும் திசைக்கே திரும்பாமல் கையெழுத்துப் போடும் பண்பாளர்.

பரிசோதனை எளிதானது. எலி மூளையின் மெல்லிய சீவல் மேல் நோயாளியின் ரத்தநீரை விடவேண்டும். உடம்பைக் காக்க வேண்டிய படை புத்தி மாறி மூளையையே கடித்துக்கொண்டிருந்தால், அந்த ரத்தநீர் சீவலிலும் போய் ஒட்டிக்கொள்ளும். சாயம் விட்டு, இருட்டறையில் நீல விளக்கில் பார்த்தால், ஒட்டிய இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். ஒரே சங்கடம், விளக்கை மூடாமல் விட்டால் பச்சை மங்கிப்போகும்.

ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு நம்பர் ஒட்டிய ஸ்லைடில் அவன் பச்சையைப் பார்த்தான். சுருண்டு படுத்த குழந்தையைப் போல ஒரு வளைவு. இரண்டே விநாடி. வெளியிலிருந்து யாரோ, "கழுகு! கேக் வெட்டப் போறோம், வாய்யா!" என்றார்கள். போனான். விளக்கை மூடவில்லை. கையில் கிரீமோடு திரும்பி வந்தபோது கண்ணாடிக்குள் வெறும் கறுப்பு. மறுபடி செய்ய மூன்று மணி நேரமாகும், சனிக்கிழமை. 'எதுவும் தெரியவில்லை' என்று எழுதினான். முத்திரை விழுந்தது.

அந்த நம்பர் யாரென்பது செவ்வாயன்று தெரிந்தது, அண்ணன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டியபோது.

அண்ணி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை பார்த்தவள். அவனுக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடியை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவன் வண்டியைத் திருப்பினால் தலையில் தட்டுவாள். "ரெண்டு தடவை பாத்தா கண்ணு ஒண்ணும் தேஞ்சிடாது, தம்பி." நோய் முதலில் காய்ச்சலாக வந்தது. பிறகு தூக்கம் போயிற்று. பிறகு சுவரோடு சண்டை, அண்ணனைப் பார்த்து யார் நீ என்ற கேள்வி. ரத்தத்தில் தெரிந்தால் மருந்து கொடுத்து ஆளை மீட்டுவிடலாம் என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். தெரியவில்லை என்றதும், இது மனநோய்தான் என்று மாத்திரையை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணி கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்தாள்.

மீதி ரத்தநீர் இன்னும் லேப் ஃப்ரீசரில் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தை ஐந்து வாரமாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தான். நன்றாகவே வந்தது.

மாலை ஆறரை மணி. கூடத்தில் அண்ணிக்கு எதிர் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். உள்ளறையில் அண்ணன் அண்ணியின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினான். காலையில் காப்பகத்திலிருந்து வண்டி வரும். அறை வாசலுக்கு வந்து நின்றவனின் கையில் அவளுடைய சீப்பு இருந்தது.

"டேய், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுண்ணா."

"அந்த டெஸ்ட்டுல... தப்பு ஏதும் வந்திருக்குமாடா?"

குமிழ் திருகும் சத்தம் கேட்டது. வெறும் தோலும் தோலும் உரசும் சத்தம். அரை முன்னே. கால் பின்னே. வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"சேச்சே. ரெண்டு பேர் பாப்போம்ணா."

"அதானே. நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கிற இடம். அந்த ஒரு தைரியம்தான்டா எனக்கு."

அண்ணன் சீப்பைப் பெட்டியில் வைக்க உள்ளே போனான். மின்சாரம் போயிற்று.

கூடம் இருண்டது. சாதாரண வீட்டு இருட்டில் ஜன்னலின் விளிம்பாவது தெரியும், தெருவின் மிச்ச வெளிச்சமாவது சுவரில் ஊறும். இது அப்படியில்லை, அவனுக்குப் பழக்கமான இருட்டு, கறுப்புத் திரை போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டிய இருட்டு, அதில் சாயத்தின் கசந்த வாடையும் சூடேறிய விளக்கின் தூசி வாடையும், எங்கிருந்தோ கொஞ்சம் கேக் கிரீம் வாடையும்கூட இருந்தன. அரை முன்னே. கால் பின்னே. சத்தம் இப்போது நாற்காலியிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலிருந்து வந்தது.

எழ நினைத்தான். முடியவில்லை. மார்பின் மேல் ஏதோ படிந்திருந்தது. மெல்லியது. குளிர்ந்தது. தட்டையானது. கண்ணாடி.

கீழே பார்த்தான். அவன் கை பச்சையாக ஒளிர்ந்தது.

விரல்கள். மணிக்கட்டு. முழங்கை. பச்சை.

குமிழ் நின்றது.

யாரோ குனிந்தார்கள். மூச்சு நெற்றியில் பட்டது. ஒரு கண். இமை கொட்டவில்லை.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாயைத் திறந்தான். கண்ணாடி உதட்டை அழுத்தியது.

ஒரு விநாடி. இரண்டு.

பிறகு அந்தக் கண் விலகிப் போனது. விளக்கு மூடப்படவில்லை.

நகங்களில் பச்சை மங்கியது. பிறகு விரல்களில். விரல்கள் இருந்த இடத்தில் நாற்காலியின் கைப்பிடி மட்டும் தெரிந்தது.

"டேய், எங்கடா இருக்கே?" அண்ணன் டார்ச்சோடு வந்தான். வெளிச்சம் சுவரில் ஏறி, மேஜையில் இறங்கி, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் நின்றது. முதுகுச் சட்டத்தின் நிழல் சுவரில் விழுந்தது. அதில் ஆள் நிழல் இல்லை. வெளிச்சம் நகர்ந்தது.

எதிர் நாற்காலியில் அண்ணி நேராக உட்கார்ந்திருந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பல நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள். பழைய குரல். கார் கற்றுத்தரும் குரல்.

"ரெண்டு தடவை பாத்துட்டேன், தம்பி. எதுவும் தெரியல."